மின்சிகரெட்டின் வாட் எண் உண்மையில் எதைச் சொல்கிறது: மேசைமேல் வைத்து அளந்த பதிவு

மின்சிகரெட்டின் சிறு திரையில் தெரியும் வாட் எண்ணைப் பலரும் சூட்டின் அளவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கூட்டினால் சூடு கூடுகிறது, குறைத்தால் குறைகிறது என்பதால் அந்த எண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் சிக்கல்: ஒரு காயிலில், அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளில், 25 வாட்டில் சீராக வரும் ஆவி, வேறொரு காயிலைப் பொருத்தியவுடன் அதே 25 வாட்டில் திரவம் ஊறிய பஞ்சைக் கருக்கித் தொண்டையைப் பிடிக்கிறது. என் மைத்துனர் சிகரெட்டை விடுவதற்காக இவற்றுக்கு மாறியவர். தம்மிடமிருந்த இரண்டு கருவிகளையும் கொண்டுவந்து, இரண்டிலும் 15 என்றே வைத்தாலும் ஒன்றில் ஆவி நிறைய வருவதும் மற்றதில் வெறுங்காற்றுப் போல இருப்பதும் ஏன் என்று கேட்டார். நான் மின்னணுப் போர்டுகளைப் பழுது பார்க்கிறவன். புகைக்கும் பழக்கமோ ஆவி இழுக்கும் பழக்கமோ எனக்கு இல்லை. ஆகவே வாயில் வைத்துப் பார்க்காமல், மேசைமேல் வைத்து அளந்தே விடை தேட வேண்டியிருந்தது.

நான் இருப்பது பிரிட்டனில். இங்கே 18 வயது நிறைந்தவர்களுக்கு மின்சிகரெட் விற்கலாம். 2016ஆம் ஆண்டின் விதிமுறைகள் திரவம் நிரப்பும் டேங்கின் கொள்ளளவு 2 மில்லிலிட்டருக்கும், நிகோட்டின் கலந்த திரவப் புட்டி 10 மில்லிலிட்டருக்கும், நிகோட்டின் செறிவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது என்கின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைகளின் விற்பனைக்கு 2025 ஜூன் 1 முதல் தடை வந்துவிட்டதால், இப்போது கடைகளில் சட்டப்படி கிடைப்பவை மீண்டும் மின்னேற்றக்கூடிய கருவிகள்தாம்; அவற்றில் பலவற்றில் வாட்டை மாற்றும் பொத்தானும் இருக்கிறது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, இருப்பு, விளம்பரம் ஆகியவற்றை முழுமையாகத் தடைசெய்திருக்கிறது. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். அங்கிருந்து வாசிப்பவர்கள் இதை மின்னணுவியல் பதிவாக மட்டும் வாசிக்க வேண்டும்.

அளக்க வந்த முதல் கருவி பெட்டி வடிவில் இருப்பது. 18650 வகை லித்தியம் பேட்டரி ஒன்றைக் கழற்றி மாட்டலாம். 5 முதல் 60 வாட் வரை வைக்கலாம் என்று அதன் உறையில் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டாவது, பேட்டரி உள்ளேயே பதிந்த சிறிய பாட் கருவி (திரவமும் காயிலும் அடங்கிய பாட் என்னும் சிறு கூட்டைச் செருகிப் பயன்படுத்துவது); அதில் 5 முதல் 20 வாட் வரை உண்டு. இரண்டுக்கும் காயிலுக்குப் பதிலாகப் போலிச் சுமை ஒன்று தேவைப்பட்டது. காயில் சூடேறும்போது பஞ்சும் திரவமும் கூடவே வந்து கணக்கைக் குழப்பும் என்பதால், முதலில் வெறும் மின்தடையைக் கொண்டே போர்டின் நடத்தையைப் பார்ப்பதுதான் முறை. அலுமினிய உறை போட்ட 100 வாட், 1 ஓம் கம்பிச்சுற்று மின்தடைகள் இரண்டை எடுத்து, விசிறி பூட்டிய வெப்பத்தகட்டின் மேல் திருகிக்கொண்டேன். ஒன்றை மட்டும் இணைத்தால் 1 ஓம், இரண்டையும் பக்க இணைப்பில் போட்டால் அரை ஓம். பெட்டிக் கருவியில் பொருத்துவதற்குப் பழைய டேங்க் ஒன்றின் அடித்திருகையும், பாட் கருவிக்குத் தீர்ந்துபோன பாட் ஒன்றின் தொடுமுனைகளையும் வெட்டியெடுத்து, அவற்றில் தடித்த கம்பிகளைப் பற்றவைத்தேன்.

இவ்வளவு சிறிய மின்தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் நிலையில் வைத்து அளப்பதில் பயனில்லை. மீட்டரின் கம்பிகளே 0.1 அல்லது 0.2 ஓம் காட்டும்போது, 0.6 ஓம் காயிலைப் பற்றி அது என்ன சொல்லிவிட முடியும்? மேசை மின்வழங்கியில் மின்னோட்டத்தை 1 ஆம்பியருக்குக் கட்டிவைத்து, காயிலின் இரு கால்களிலும் நேரடியாக மீட்டர் முனைகளை வைத்து வோல்ட்டை அளந்தால், வரும் வோல்ட் எண்ணே ஓம் எண்ணாகவும் இருக்கும். மின்னோட்டம் போகும் கம்பிகள் வேறு, வோல்ட் அளக்கும் கம்பிகள் வேறு என்பதால் கம்பியின் தடை கணக்கில் நுழைவதில்லை. இனி வரும் ஓம் எண்கள் எல்லாம் இந்த நால்முனை முறையில் எடுத்தவை.

வாட்டை வைத்து இயங்கும் கருவிக்குள் நடப்பது சிக்கலானதல்ல. பொத்தானை அழுத்துவதற்கு முன்பும் அழுத்திய தொடக்கத்திலும் சிப் சிறு மின்னோட்டம் ஒன்றைச் செலுத்திக் காயிலின் மின்தடையை அளந்துகொள்கிறது. நாம் கேட்ட வாட்டை அந்த ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தேவையான வோல்ட் கிடைக்கும். அந்த வோல்ட்டைப் பேட்டரியிலிருந்து உண்டாக்கித் தருவதே சிப்பின் வேலை. 0.6 ஓம் காயிலில் 25 வாட் கேட்டால் 3.87 வோல்ட்டும் 6.45 ஆம்பியரும் வேண்டும். 1.2 ஓம் காயிலில் 12 வாட் கேட்டால் 3.79 வோல்ட் போதும், மின்னோட்டமோ 3.2 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். வோல்ட் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தும் வாட் இரட்டிப்பாக மாறுவதைக் கவனித்தால், வோல்ட்டை மட்டும் மாற்றும் பழைய வகைப் பேனாக் கருவிகள் ஏன் தொல்லை தந்தன என்பது விளங்கும். அவற்றில் 3.7 வோல்ட்டில் நிறுத்திவிட்டு 1.8 ஓம் காயிலைக் கழற்றி 1.2 ஓம் காயிலைப் போட்டால், 7.6 வாட் சத்தமில்லாமல் 11.4 வாட்டாகிவிடும். வாட் முறையில் அந்தக் கணக்கைச் சிப்பே பார்த்துக்கொள்கிறது.

பெட்டிக் கருவியை 1 ஓம் சுமையில் இணைத்து, வோல்ட் மாறுவதைத் தன் திரையில் கோடாக வரையும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபோது அது நேர்மையாகவே நடந்துகொண்டது. 10 வாட்டுக்கு 3.16 வோல்ட் வர வேண்டும், 20 வாட்டுக்கு 4.47, 30 வாட்டுக்கு 5.48, மூன்றிலும் நான் அளந்தவை 3 சதவீத வித்தியாசத்துக்குள்தான் இருந்தன. திரையில் ஓடிய கோடும் சிறு நெளிவு தவிர நேர்கோடாகவே இருந்தது. முழுதாக மின்னேற்றிய லித்தியம் பேட்டரி தருவது 4.2 வோல்ட், அதற்கு மேல் போக வேண்டும் என்றால் வோல்ட்டைத் தூக்கிக்கொடுக்கும் சுற்று உள்ளே இருக்க வேண்டும், கீழே இறங்க இறக்கும் சுற்று வேண்டும். இந்தப் போர்டில் இரண்டும் உண்டு. ஆனால் 40 வாட்டுக்கு ஏற்றியபோது வோல்ட் 6ஐத் தாண்டவில்லை. 1 ஓமில் 6 வோல்ட் என்றால் 36 வாட். பொத்தானைத் தொடர்ந்து அழுத்தித் திரையை 60 வரை கொண்டுபோனாலும் சுமையில் இறங்கியது அதே 36 வாட்தான். திரையோ கூச்சமில்லாமல் 60 என்றது. சுமையை அரை ஓமாக மாற்றியவுடன் 60 வாட்டுக்குத் தேவையான 5.48 வோல்ட் சரியாக வந்துவிட்டது. உறையில் அச்சிட்ட "60 வாட்" என்பது குறிப்பிட்ட ஓம் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும் வாக்கு என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. அதிக ஓம் பக்கம் வோல்ட் உச்சவரம்பு தடுக்கிறது. குறைந்த ஓம் பக்கம் ஆம்பியர் உச்சவரம்பு தடுக்கும். 0.1 ஓமில் 60 வாட் என்றால் 24 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும்.

ஆசிலோஸ்கோப்பை இணைக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இத்தகைய போர்டுகள் சிலவற்றில் காயிலின் எதிர்முனையும் பேட்டரியின் எதிர்முனையும் ஒன்றல்ல. கருவியைக் கணினியில் மின்னேற்றிக்கொண்டே ஸ்கோப்பின் தரைக் கவ்வியை மாட்டினால், தரை வழியாகக் குறுக்குச்சுற்று ஏற்பட்டுப் போர்டு போய்விடும். மின்னேற்றும் கம்பியைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டுமே ஓடவிட்டு அளப்பது நல்லது.

அடுத்து பேட்டரி பக்கம். காயிலுக்குள் போகும் மின்னோட்டம்தான் பேட்டரியிலிருந்தும் வருகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படியல்ல என்பதைக் காட்ட, 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள மரக்குச்சி ஒன்றை வெட்டி, இரு முனைகளிலும் பித்தளைத் திருகு போட்டு, அவற்றிலிருந்து கம்பிகளை மேசை மின்வழங்கிக்கு இழுத்தேன். கருவிக்கு அது பேட்டரி. எனக்கோ வோல்ட்டை விருப்பப்படி மாற்றிக்கொண்டு மின்னோட்டத்தைப் படிக்க உதவும் கருவி. அரை ஓம் சுமையில் 25 வாட் வைத்தபோது, 3.7 வோல்ட்டில் 7.6 ஆம்பியர் எடுத்தது. உள்ளே போவது 28 வாட், வெளியே வருவது 25 வாட். மிச்சம் போர்டிலேயே சூடாகிறது. மின்வழங்கியை 3.3 வோல்ட்டுக்கு இறக்கியதும் மின்னோட்டம் 8.5 ஆம்பியராக ஏறியது. பேட்டரி தளரத் தளர அதன் மேல் சுமை ஏறுகிறது என்பதே இதன் பொருள். சிப் இல்லாமல் பேட்டரியை நேரடியாகக் காயிலோடு சேர்க்கும் கருவிகளில் நடப்பது இதற்கு நேரெதிர்: 0.6 ஓம் காயிலில் 4.2 வோல்ட்டுக்கு 29 வாட் கிடைக்கும், 3.4 வோல்ட்டுக்கு இறங்கும்போது அது 19 வாட்டாகத் தேய்ந்துவிடும். அங்கே ஆவி குறைவதே பேட்டரி தீர்வதற்கான அறிகுறி. வாட் முறையில் அந்த அறிகுறி கிடைக்காது. கடைசிவரை ஒரே ஆவி வந்துவிட்டுத் திடீரென நின்றுவிடும்.

ஆகவே பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும்போது காயில் மின்னோட்டத்தைப் பார்ப்பதைவிட, கேட்கும் அதிகபட்ச வாட்டைப் போர்டின் திறனாலும் பேட்டரியின் கடைநிலை வோல்ட்டாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். 60 வாட்டை, மேலே 28 வாட்டுக்கு 25 வாட் வந்த திறனான 0.9ஆல் வகுத்து, அதை 3.2 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 21 ஆம்பியர் வருகிறது. சாம்சங் 25ஆர் வகை தொடர்ந்து 20 ஆம்பியர் தரக்கூடியது, அதே நிறுவனத்தின் 30க்யூ 15 ஆம்பியர் தரக்கூடியது. பின்னது 3000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டதால் "பெரிய பேட்டரி" என்று வாங்கப்படுகிறது; 60 வாட்டுக்கு அது ஏற்றதல்ல, 25 வாட்டுக்குத் தாராளம். மேலே சுற்றிய நெகிழிச் சட்டை கிழிந்த பேட்டரியை, வாட் எதுவானாலும், கருவியில் போடக் கூடாது. அந்தச் சட்டைக்கு அடியில் இருக்கும் உலோகக் கூடு முழுவதும் எதிர்முனை. நேர்முனை ஓரத்தில் கிழிந்தால் குறுக்குச்சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட மிஞ்சாது.

இனி பாட் கருவி. இதை 1 ஓம் சுமையில் இணைத்து 10 வாட்டில் அழுத்தியபோது, மல்டிமீட்டரின் நேர்மின் நிலையில் 2.5 வோல்ட் காட்டியது. 2.5இன் வர்க்கம் 6.25, அப்படியானால் திரை 10 என்று பொய் சொல்கிறது என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். ஸ்கோப்பில் பார்த்தால் கதை வேறு. இதில் வோல்ட்டை ஏற்றும் சுற்றோ இறக்கும் சுற்றோ கிடையாது. பேட்டரியின் முழு வோல்ட்டையும் காயிலுக்குக் கொடுத்து நிறுத்தி, மறுபடி கொடுத்து நிறுத்தி, அந்தத் துடிப்புகளின் அகலத்தை மாற்றியே வாட்டைக் கட்டுப்படுத்துகிறது. சுமையின்போது பேட்டரி 4 வோல்ட்டில் நின்றது; துடிப்பு மொத்த நேரத்தில் 62.5 சதவீதம் திறந்திருந்தது. திறந்திருக்கும் நேரத்தில் 16 வாட், மூடிய நேரத்தில் சுழியம். சராசரி 10 வாட். திரை சொன்னது சரி. சராசரி வோல்ட்டை வர்க்கப்படுத்துவதுதான் தவறான கணக்கு. சூட்டுக்கு உரியது வோல்ட்டின் வர்க்கங்களைச் சராசரியாக்கி எடுக்கும் மூலம். ஸ்கோப் இல்லாதவர்கள், உண்மைப் பயனுறு மதிப்பை (true RMS) காட்டும் மல்டிமீட்டரில் நேர்மின் நிலையில் ஒருமுறையும் மாறுமின் நிலையில் ஒருமுறையும் படித்து, இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் போதும். எனக்கு 2.5உம் 1.94உம் கிடைத்தன, சேர்த்தால் 3.16 வோல்ட், அதாவது 1 ஓமில் 10 வாட். துடிப்பின் வேகம் மீட்டரின் அலைவெண் எல்லைக்குள் இருக்கும் வரைதான் இந்த வழி செல்லும்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. 2010களின் தொடக்கத்தில் வந்த சில கருவிகள் 6 வோல்ட் துடிப்புகளைக் கொண்டே எல்லா அளவையும் உண்டாக்கின. சராசரி 3.7 வோல்ட் வரும்படி அவற்றில் வைத்தால், 2 ஓம் காயிலில் எதிர்பார்ப்பது 6.8 வாட், இறங்குவதோ 11 வாட்டுக்கு மேல். எந்தக் கணக்கைப் பின்பற்றுவது என்று தேர்ந்தெடுக்கும் வசதியை மெனுப் பட்டியலில் வைத்த கருவிகளும் இருந்தன. பயனரிடம் விட்டுவிடக் கூடிய கேள்வியா அது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

மைத்துனரின் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. பாட் கருவியில் 15 வாட் வைத்தால் 1 ஓம் காயிலுக்கு 3.87 வோல்ட் வேண்டும். பேட்டரி நிறைந்திருக்கும்போது அது கிடைக்கும். பாதிக்குக் கீழே இறங்கி, சுமையின்போது 3.5 வோல்ட்டில் நிற்கும் பேட்டரியை முழு நேரமும் திறந்துவைத்தாலும் 12.25 வாட்தான் வரும். ஏற்றிக் கொடுக்கச் சுற்று இல்லை. 3.3 வோல்ட்டில் அது 11 வாட்டுக்கும் கீழே போகிறது. திரை மட்டும் 15ஐ விட்டு நகரவில்லை. அதே பாட் கருவியில் 0.8 ஓம் காயிலைப் போட்டால் 15 வாட்டுக்கு 3.46 வோல்ட் போதும் என்பதால், பேட்டரி தீரும் வரை ஏறக்குறைய உண்மையான 15 கிடைக்கிறது. வாட் மாற்றும் வசதி இருப்பதும், வோல்ட்டை ஏற்றும் சுற்று இருப்பதும் ஒன்றல்ல. கடையில் இரண்டும் ஒரே சொல்லால் விற்கப்படுகின்றன.

போர்டு சொன்னபடி வாட்டைக் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த வாட் காயிலில் என்ன செய்யும் என்பது முழுக்கவும் வேறு விஷயம், இந்தப் பதிவை எழுதத் தூண்டியதும் அதுதான். 0.6 ஓம் என்ற ஒரே தடையை இரண்டு விதமாகச் சுற்றலாம். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தல் ஏ1 கம்பியில் 0.40 மில்லிமீட்டர் தடிமனை எடுத்தால் மீட்டருக்கு 11.5 ஓம், ஆகவே 0.6 ஓமுக்கு 52 மில்லிமீட்டர் கம்பி வேண்டும். 0.32 மில்லிமீட்டர் கம்பிக்கு மீட்டருக்கு 18 ஓம். 33 மில்லிமீட்டரே போதும். சிப்புக்கு இரண்டும் ஒன்றுதான்: 0.6 ஓம், 20 வாட், 3.46 வோல்ட். ஆனால் முதல் கம்பியின் மேற்பரப்பு ஏறக்குறைய 65 சதுர மில்லிமீட்டர், இரண்டாவதன் மேற்பரப்பு 33. அதே 20 வாட் முதலாவதில் சதுர மில்லிமீட்டருக்கு 300 மில்லிவாட்டாகவும் இரண்டாவதில் 600 மில்லிவாட்டாகவும் வெளியேறுகிறது. வாட்டும் ஓமும் அப்படியே இருக்க, திரவத்தைத் தொடும் பரப்பின் மேல் விழும் வெப்பம் இரட்டிப்பு. அகன்ற தோசைக்கல்லுக்கும் சின்னத் தாளிப்புக் கரண்டிக்கும் அடியில் ஒரே தீயை வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகிறது.

எடையும் கூடவே மாறுகிறது. முதல் கம்பி 46 மில்லிகிராம், இரண்டாவது 19. திரவமில்லாமல் கம்பியை மட்டும் 20 பாகையிலிருந்து 220 பாகை செல்சியசுக்கு ஏற்ற முதலாவதுக்கு 4.3 ஜூல் வேண்டும். 20 வாட்டில் அது 0.2 நொடிக்குச் சற்று மேல். மெல்லிய கம்பிக்கு அதில் பாதி நேரம்கூட வேண்டாம். பல இழைகளை முறுக்கிச் செய்யும் கனமான காயில்களில் இந்தத் தாமதம் இன்னும் நீளும். அழுத்தியவுடன் அரை நொடிக்கு மட்டும் கூடுதல் வாட் கொடுக்கும் முன்சூட்டு வசதி பல கருவிகளில் இருப்பது இதற்காகத்தான். மெல்லிய காயில் போட்டவர்கள் அதை அணைத்துவைக்க வேண்டும். தொழிற்சாலைக் காயில்களில் இப்போது பெரும்பாலும் கம்பிக்குப் பதிலாகத் துளையிட்ட தகடு வருகிறது. தகட்டின் பரப்பு அகலமானது என்பதால் அதே ஓமுக்கு அது கூடுதல் வாட்டைத் தாங்கும். காயிலின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வாட் எல்லையை ஓம் எண்ணிலிருந்து நாமே ஊகிக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பம் ஒருபுறம் என்றால், அந்த வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் திரவம் மறுபுறம். திரவத்தின் அடிப்படை புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முன்னது 188 பாகை செல்சியசில் கொதிக்கிறது, பின்னது 290இல். பஞ்சு ஈரமாக இருக்கும் வரை கம்பியின் சூடு இந்தக் கலவையின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். எவ்வளவு வாட் கொடுத்தாலும் அது ஆவியாவதில் செலவாகிறது. ஆவியாகும் வேகத்துக்குப் பஞ்சு திரவத்தைக் கொண்டுவந்து சேர்க்க முடியாத புள்ளியில்தான் சூடு கட்டவிழ்ந்து ஏறுகிறது. பஞ்சு கருகுகிறது, கிளைக்காலும் கிளிசரினும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகள் பிறக்கின்றன. 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 3.3 வோல்ட்டில் தென்படாத ஃபார்மால்டிஹைடு சார்ந்த சேர்மங்கள் 5 வோல்ட்டில் கணிசமாக வந்தன என்று எழுதினார்கள். அதே ஆண்டில் அடிக்ஷன் இதழில் கான்ஸ்டன்டினோஸ் ஃபர்சலினோசும் உடனிருந்தோரும் வேறொரு கோணத்தில் சோதித்தார்கள். 6.5, 7.5, 9, 10 ஆகிய நான்கு வாட் அளவுகளிலும் இரண்டு காயில் அமைப்புகளை ஓட்டினார்கள். ஒன்றில் காயிலுக்குத் திரவத்தை ஊட்டும் திரி இரட்டை, மற்றதில் ஒற்றைத் திரி. ஒற்றைத் திரியில் 9 வாட்டிலும் 10 வாட்டிலும் பயனர்கள் கருகல் சுவையை உணர்ந்தார்கள், ஆல்டிஹைடும் அப்போது பெருகியது. இரட்டைத் திரியில் எந்த வாட்டிலும் கருகல் ஏற்படவில்லை. இரண்டு ஆய்வுகளையும் எதிரெதிரே நிறுத்திக் கட்சி சேர்ப்பவர்கள் உண்டு. என் மேசையின் கணக்குக்கு அவை முரணானவையாகத் தெரியவில்லை: வோல்ட்டோ வாட்டோ தனியாக எதையும் சொல்வதில்லை, திரி எவ்வளவு திரவம் ஊட்டுகிறது என்பதோடு சேர்த்தால்தான் பொருள்படுகிறது.

இதை ஓரளவு நேரிலும் பார்க்க முடிந்தது. ஆய்வகங்களில் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ 20768 தரம், 30 நொடிக்கு ஒருமுறை, 3 நொடி நேரத்தில், 55 மில்லிலிட்டர் ஆவியை இழுக்கச் சொல்கிறது. 60 மில்லிலிட்டர் மருத்துவச் சிரிஞ்சைப் பாட் கருவியின் வாய்ப்பகுதியில் குழாயால் இணைத்து, அதே அளவில் இழுத்து, ஜன்னலோரம் வெளியேற்றினேன். மில்லிகிராம் காட்டும் நகைத் தராசில் பாட் கூட்டை முன்னும் பின்னும் எடைபோட்டுப் பார்த்தால், குறைந்த எடையே ஆவியான திரவம். 6 வாட்டில் எடை ஏறக்குறைய அசையவில்லை. கொடுத்த சூடு கம்பியையும் சுற்றியுள்ள திரவத்தையும் காற்றையும் வெதுவெதுப்பாக்குவதிலேயே போய்விடுகிறது. 8 வாட்டிலிருந்து கூடக் கூட எடைக்குறைவும் சீராகக் கூடியது. காயிலில் அச்சிட்ட எல்லையின் மேல் முனையைத் தாண்டியதும் கூடுதல் வாட்டுக்கு ஏற்ற கூடுதல் ஆவி கிடைக்கவில்லை. சிரிஞ்சிலிருந்து வந்த மணம் மட்டும் மாறியது. வாட்டைக் கூட்டியும் ஆவி கூடவில்லை என்றால் அந்தக் காயிலுக்கு அதுவே எல்லை. பெட்டிக் கருவியின் பெரிய டேங்குக்கு இந்தச் சிரிஞ்சு முறை ஒத்துவராது. அதில் காற்று வாசல் அகலம். நுரையீரலுக்கு நேராக இழுக்கும் அளவோடு ஒப்பிட்டால் 55 மில்லிலிட்டர் மிகக் குறைவு என்பதால், காற்றால் குளிராமல் காயில் தேவைக்கு மேல் சூடாகிவிடும்.

எடைக் கணக்கு வேறொரு பயனையும் தந்தது. 20 மில்லிகிராம் செறிவுள்ள திரவத்தில் ஒரு இழுப்புக்கு 5 மில்லிகிராம் ஆவியானால் அதில் ஏறக்குறைய 0.09 மில்லிகிராம் நிகோட்டின் இருக்கும். 3 மில்லிகிராம் செறிவுள்ள திரவத்தை அதிக வாட்டில் இழுத்து ஒரு இழுப்புக்கு 30 மில்லிகிராம் ஆவியாக்கினாலும் கிடைப்பது ஏறக்குறைய அதே அளவுதான். பாட் கருவிக்கென்று வாங்கிய 20 மில்லிகிராம் திரவத்தைப் பெரிய டேங்கில் ஊற்றி 50 வாட் வைத்தால் என்ன நடக்கும் என்பதை இதிலிருந்தே கணிக்கலாம். வாட் பொத்தான் சுவைக்கு மட்டும் உரியதல்ல, உள்ளே போகும் நிகோட்டின் அளவையும் அதுவே மாற்றுகிறது. கடையில் இதைச் சொல்லி விற்பவர்கள் குறைவு.

பெட்டிக் கருவியின் பட்டியலில் வாட்டுக்குப் பக்கத்தில் வெப்பநிலைக் கட்டுப்பாடும் இருக்கிறது. அமெரிக்காவின் ஓஹயோ மாநிலத்தைச் சேர்ந்த எவால்வ் நிறுவனம் 2014இல் டி.என்.ஏ 40 என்ற போர்டில் இதைக் கொண்டுவந்த பிறகு பலரும் பின்தொடர்ந்தார்கள். தனியாக வெப்பமானி எதுவும் காயிலில் இல்லை. சில உலோகங்களின் மின்தடை சூடேற ஏறக் கூடுகிறது. அந்தக் கூடுதலிலிருந்து சிப் வெப்பநிலையைக் கணிக்கிறது. நிக்கல் 200க்குப் பாகைக்கு 0.6 சதவீதம், டைட்டானியத்துக்கு 0.35, துருப்பிடிக்காத எஃகு 316க்கு 0.09 என்ற அளவில் தடை கூடும். காந்தலுக்கு இந்த மாற்றம் மிகச் சிறிது என்பதால் அதில் இந்த முறை வேலைசெய்யாது. அரை ஓம் எஃகுக் காயில் 220 பாகைக்குப் போகும்போது 0.59 ஓமாகிறது. அதாவது 200 பாகை வேறுபாடு முழுவதும் 0.09 ஓமுக்குள் அடங்கியிருக்கிறது. திருகில் படிந்த அழுக்கால் தொடுதடை 0.01 ஓம் மாறினால் கணிப்பு 22 பாகை தவறிவிடும். 0.4 ஓம் டைட்டானியக் காயிலில் அதே அழுக்கு 7 பாகைத் தவறோடு போய்விடும்.

அதைவிடப் பெரிய பிழை, குளிர்நிலை ஓமைப் பதிவுசெய்யும் நேரத்தில் நுழைகிறது. இழுத்து முடித்த சூட்டோடு, காயில் 50 பாகையில் இருக்கும்போதே அதன் தடையைப் பூட்டினால், சிப் அதை 20 பாகையின் தடை என்று எடுத்துக்கொள்ளும். 220 என்று நிறுத்தி வைத்த கருவி எஃகுக் காயிலை உண்மையில் 255 பாகைக்குக் கொண்டுபோகும். டேங்கைப் பொருத்திக் கால் மணி நேரம் விட்டு, பிறகு பூட்டுவதே சரியான வழி. இந்த முறையில் வாட் எண்ணின் பொருளும் மாறிவிடுகிறது: அது எல்லையை எட்டும் வேகத்தை மட்டும் தீர்மானிக்கிறது, எட்டிய பிறகு சிப்பே வாட்டைக் குறைத்துக்கொள்கிறது. காய்ந்த பஞ்சைக் கருகவிடாமல் காப்பதில் இதற்கு ஈடான வசதி வேறில்லை. ஆனால் மைத்துனர் வாங்கும் தொழிற்சாலைக் காயில்கள் எல்லாம் காந்தல் தகடுகள். ஆகவே அவருடைய கருவியில் அந்தப் பட்டியலையே பூட்டிவைத்தேன்.

திருப்பிக் கொடுக்கும்போது பெட்டிக் கருவியில் இருந்தது 0.6 ஓம் காயில். அதில் அச்சிட்டிருந்த எல்லை 20 முதல் 25 வாட். புதிய காயிலின் பஞ்சில் சில துளிகள் விட்டு, டேங்கை நிரப்பிப் பத்து நிமிடம் காத்திருந்து, 18 வாட்டில் தொடங்கி, ஆவி போதவில்லை என்றால் மட்டும் ஒவ்வொரு வாட்டாக ஏற்றச் சொன்னேன். இனிப்பு மிகுந்த திரவங்களில் இருக்கும் சுக்ரலோஸ் காயிலின் மேல் கறுத்துப் படிந்து, சூட்டைத் திரவத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறது. ஆவி குறைகிறதே என்று அப்போது வாட்டை ஏற்றுவது கருகலைத்தான் விரைவுபடுத்தும், காயிலை மாற்றிவிட வேண்டும். பாட் கருவிக்கு இனி 0.8 ஓம் காயிலே வாங்குவது என்று முடிவாயிற்று. அவரிடமிருந்த பேட்டரிகளில் ஒன்றின் சட்டை நேர்முனைப் பக்கம் கிழிந்திருந்தது. புதிய வெப்பச்சுருக்கச் சட்டையும் அதற்குள் வைக்கும் காகித வளையமும் போட்டு, மல்டிமீட்டரில் கூட்டுக்கும் நேர்முனைக்கும் இடையே தொடர்பில்லை என்று பார்த்த பிறகே கொடுத்தேன்.